இரவல் வரைபடத்தில் தமிழ் எழுத்து

மென்பொருள் ஆக்குவோர், நிரலின் முதல் வரியை எழுதுமுன்னரே இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாகவேண்டும். கட்டமைப்பு எத்தகையது? பிறர் முன்னரே செய்துவைத்தவற்றுள் எதனை எடுத்தாளலாம்? தமிழ் எழுத்து கணினிக்குள் புகுந்த காலத்தில் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளே இன்றும் நம் விசைப்பலகையின் அடியில் இயங்குகின்றன. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் புதுப்பிப்போர்க்கு இது எளிதில் விளங்கும். நிற்கின்ற சுவரை வைத்துக்கொண்டால் செலவு குறையும். ஆனால் அறையின் அகலத்தைச் சுவரே முடிவு செய்யும்.

இந்திய அரசின் மின்னணுவியல் துறை 1988இல் இஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தது. பிராமியினின்று கிளைத்த எழுத்துகள் அனைத்திற்கும் ஒரே வரைபடம் என்பதே அதன் அடிப்படை. தேவநாகரிக் ககரம் நிற்கும் இடத்திலேயே தமிழ்க் ககரமும் நிற்கும். ஆதலால் ஓர் எழுத்திலிருந்து மற்றோர் எழுத்திற்கு மாற்றுவது எளிது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு இவ்வரைபடத்தைப் பெரும்பாலும் அப்படியே எடுத்தாண்டது. தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இன்று நிரம்பியிருப்பவை 72. வடமொழியின் வருக்க எழுத்துகளுக்கு வகுத்த அறைகள் நம் பகுதியில் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன.

வெற்றிடத்தால் தீங்கில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தொல்காப்பியர்க்கு மெய் என்பது தனித்து நிற்கும் முதலெழுத்து. உயிர் அதன்மேல் ஏறியே உயிர்மெய் பிறக்கும். வரைபடத்திலோ அகரம் ஏறிய ககரமே முதற்பொருள். அதனோடு புள்ளிக்குறி சேர்ந்தால்தான் ககர மெய் கிடைக்கும். மூன்றெழுத்துச் சொல்லாகிய ‘தமிழ்’ ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுவது இதனாலேயே. எழுதும் கையும் ககரத்தை வரைந்த பின்பே புள்ளி வைக்கிறது என்பதை மறுக்க இயலாது. ஆக, வரைபடம் கையைப் பின்பற்றியதேயன்றி இலக்கணத்தை அன்று. வரிசையிலும் இதே முரண்: நம் நெடுங்கணக்கில் இறுதியாக நிற்கும் னகரம், ஒருங்குறியில் நகரத்தை அடுத்து நிற்கிறது, றகரம் ரகரத்தை அடுத்து வருகிறது.

ஒருங்குறி நடைமுறைக்கு வருமுன் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்தோர் வேறொரு சுவரை இரவல் வாங்கினர். மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியின் கணியன் ஆகியவை அக்காலத்தின் அடையாளங்கள். பலர் கூடி வகுத்த டிஸ்கி குறியேற்றம், ஆங்கில ஆஸ்கியின் 128 இடங்களைத் தொடாமல் விட்டு, மேற்பாதியில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஆங்கிலத்துக்கென எழுதிய மென்பொருளிலேயே தமிழ் தோன்றும். புதுநிரல் மிகக் குறைவு, பயனோ பெரிது. ஆனால் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டதால் தேடலும் அகரவரிசையும் இடர்ப்பட்டன. கண்ணுக்கு நிறைவளித்த அம்முறை கணிப்புக்கு ஏற்றதன்று என்பதே என் கருத்து.

பொது வரைபடத்தின் ஆதாயம் 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. விண்டோஸ் 2000 தேவநாகரியோடு தமிழையும் ஏற்று, லதா எழுத்துருவுடன் வந்தது. ஒரு சிறு மொழிச் சந்தைக்காக மட்டும் அத்தகைய உழைப்பு அவ்வளவு விரைவில் நடந்திருக்குமா என்பது ஐயமே. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றபோது, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ்16 முறையையும் உடன் ஏற்றது. இலக்கணத்திற்கு நெருக்கமானது அதுவே. எனினும் அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒருமுறை இடம்பெற்ற குறியை இடம் மாற்றுவதோ நீக்குவதோ இல்லை என்பது ஒருங்குறியின் விதி.

ஆகவே நெடுங்கணக்கு வரிசை குறிகளுக்கு வெளியே தனி விதிகளாக எழுதப்படுகிறது. மாணவர்கள் ‘மனம்’, ‘மரம்’, ‘மறம்’, ‘மலர்’ என்னும் சொற்களைக் குறியெண் ஒன்றையே கொண்டு வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ‘மனம்’ முதலில் வந்து நிற்கும். நம் அகராதியிலோ அது கடைசி.