சானடோரியமும் நோயாளியின் உள்ளமும்

தாம்பரம் சானடோரியம் என்றதும் மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையமே இன்று பலரது நினைவுக்கு வருகிறது. 1928-ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய அதனை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது.

காசநோய்க்கு மருந்து காணப்படாத காலம் அது. தூய காற்றும் சத்துணவும் நீண்ட ஓய்வுமே சிகிச்சை. ஓய்வு என்றால், மாதக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்து படுத்திருப்பது. உடலுக்கு இதமளித்த இவ்வேற்பாடு உள்ளத்தை என்ன செய்தது?

இதற்குச் சௌரி முத்துவிடம் சிகிச்சை பெற்ற ஒருவரின் வாழ்விலேயே விடை கிடைக்கிறது. கணித மேதை இராமாநுஜன் 1917-இல் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் டாக்டர் நடத்திய சானடோரியத்தில் சில காலம் தங்கியிருந்தார். பின்னர் மாட்லாக் என்னுமிடத்திற்கு மாறினார். கடுங்குளிர், வாய்க்கு ஒவ்வாத உணவு, போர்க்காலத் தனிமை எல்லாம் சேர்ந்தன. 1918-இன் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ஊழியர் ஒருவர் வண்டியை நிறுத்தியதால் பிழைத்தார். அவரைப் பற்றியது காசநோய்தானா என்று பிற்கால மருத்துவர் ஐயுறுகின்றனர். அவரது தனிமையைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை.

பிரிந்திருக்க வேண்டியதில்லை என்று உலகுக்குக் காட்டியதும் நம் சென்னைதான். 1956-இல் இங்குத் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 1959-இல் தன் முடிவை வெளியிட்டது. மருந்தை ஒழுங்காக உண்டால், வீட்டிலிருந்தோரும் சானடோரியத்தில் இருந்தோரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர். வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவுமில்லை.

ஆனால் பிரிவு வேறு வடிவில் திரும்பியது. 1952-இல் கோபன்ஹேகனில் பரவிய இளம்பிள்ளை வாதத்தை ஒட்டிப் பிறந்த தீவிர சிகிச்சைப் பிரிவு, இன்று எண்ணற்ற உயிர்களைக் காக்கிறது. அங்கே இரவு பகல் தெரிவதில்லை; கண்ணாடிக்கு அப்பால் உறவினர். மயக்க மருந்திலும் குழப்பத்திலும் கண்ட பயங்கரங்களை நோயாளி மெய்யென்றே நம்பிவிடுகிறார். வீடு திரும்பிய பின்னும் உறக்கமின்மை, அச்சம், மறதி, சோர்வு ஆகியன தொடரலாம். இத்தொல்லைகளுக்கு மருத்துவ உலகம் பொதுப் பெயர் சூட்டியதே 2012-இல்தான். விவரமறியா வீட்டார், "உயிர் பிழைத்து வந்தும் முகத்தில் களையில்லையே" என்று குறைபடுகின்றனர். சிலர் பேய்க்கோளாறு என்றும் ஐயுறுகின்றனர். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்குவோரும் உளர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மன்சூரி மருத்துவமனையில், குணமடைந்து செல்வோர் உடனே உழைக்க நேராதிருக்கப் பணம் கொடுத்தனுப்பினர் என்று வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். நோய்க்குப் பிந்திய நாட்களும் சிகிச்சையைச் சேர்ந்தவை என்று அவர்கள் கருதினர் போலும். நம் இல்லங்களிலோ, முதல் வாரம் நலம் விசாரிக்க வருவோர் கூட்டம் தாங்காது. இரண்டாம் மாதம் எவரும் வாரார். தொல்லையோ அப்போதும் தொடரலாம்.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஒரு நல்ல வழக்கம் தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவியுள்ளது. நோயாளி நினைவிழந்து கிடக்கும் நாட்களில் செவிலியரும் உறவினரும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகின்றனர்: இன்று காய்ச்சல் தணிந்தது, இன்று மகன் வந்து கையைப் பிடித்தான், இன்று சுவாசக் குழாய் எடுக்கப்பட்டது. பிழைத்தெழுந்தவர் அதனைப் படித்து, தாம் கண்ட கொடுங்கனவு எது, உண்மையில் நடந்தது எது என்று பிரித்தறிகிறார்.