காவலர்க்கு வைத்த முதல்



ஊரைக் காப்பவன் முதுமை எய்தினால் அவனை யார் காப்பது? கள்வரைத் துரத்துபவனும் தீயை அணைப்பவனும் மற்றத் தொழிலாளரைப் போல் அறுபது, எழுபது வயதுவரை உழைத்தல் அரிது. தொழிலிலேயே உயிர் துறப்பதும் உண்டு. ஆகையால் அவர்களுக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் ஒரு முதல் வைத்தாக வேண்டும். அம்முதலை எங்கே இடுவது, யார் பாதுகாப்பது, நட்டம் வந்தால் யார் தாங்குவது என்னும் வினாக்கள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல.

பழங்காலத்தில் முதல் என்பது பெரும்பாலும் நிலமே. ஊரைக் காக்கப் போரிட்டு மடிந்தவனின் சுற்றத்தாருக்கு வழங்கிய நிலத்தை உதிரப்பட்டி என்று தமிழ்க் கல்வெட்டுகள் கூறும். நெய்த்தோர்பட்டி என்றும் வழங்கினர். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் குருதியே. பெயரிலேயே காரணத்தைப் பொறித்துவிட்டனர் நம் முன்னோர். இன்றைய குடும்ப ஓய்வூதியத்தின் மூதாதை என்று அதனை நான் வகுப்பில் சொல்வதுண்டு.

எங்கள் மதுராந்தகமும் அடங்கிய செங்கற்பட்டுச் சீமை 1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளிக்கப்பட்டது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். தலையாரிக்கும் ஏரிக்கும் பிற ஊர்ப்பணிகளுக்கும் விளைச்சலில் ஒதுக்கிய பங்குகளும் மானியங்களும் அக்கணக்குகளில் காணப்படுகின்றன. களத்து நெல் வீட்டுக்குப் போகுமுன்பே காவற்காரனின் பங்கு பிரிந்துவிடும். ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. மழை பொய்த்தால் காவலனின் பங்கும் பொய்த்துப்போம்.

இக்குறை நீங்கப் பொன்னை வட்டிக்கு விடும் வழி முன்னமே தோன்றியிருந்தது. அறம் செய்ய விரும்பியவர் பொன்னை ஊர்ச்சபையிடம் ஒப்படைப்பார். சபையார் முதலைத் தொடாமல், பொலிசை என்னும் வட்டியைக் கொண்டு விளக்கெரிக்கவோ ஏரியில் தூர் வாரவோ கடமைப்படுவர். சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடத்துவோம் எனக் கல்லில் வெட்டிக் கொடுப்பர். தஞ்சைப் பெரிய கோயிலின் காசுகள் இவ்வாறே பல ஊர்ச் சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எல்லாவற்றையும் ஓரூரிலேயே கொட்டாமல் பல ஊர்களில் பிரித்து வைத்ததைக் கவனியுங்கள். ஓரூரில் வறட்சி வந்தாலும் மற்றோர் ஊர் கொடுக்கும்.

இன்னும் சுவையானது ஆட்டு முதல். ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் விடுவர். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதா என்று மாணவர் சிரிப்பர். தனி ஆடு சாகும், எண்ணிக்கை சாகாது. குட்டி பெருகினால் ஆதாயம் இடையருடையது. நோய் வந்து மந்தை குறைந்தால் நட்டமும் அவருடையதே. உழக்கு நெய் மட்டும் குறையக் கூடாது. இவ்வொப்பந்தத்தை நன்கு மனத்தில் இருத்துங்கள். இன்றைய ஓய்வூதிய வழக்குகள் பலவும் இதனைச் சுற்றியே சுழல்கின்றன.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே போலீசாரும் தீயணைப்போரும் நகராட்சியின் ஊழியர். சிகாகோ நீங்கலாக, சிற்றூர்களும் நகரங்களும் தனித்தனியே வைத்திருந்த ஓய்வூதிய நிதிகள் ஏறத்தாழ 650. போலீஸ் நிதி ஒவ்வொன்றையும் ஐவர் குழு ஆளும்: பணியிலுள்ளோர் தேர்ந்தெடுக்கும் இருவர், ஓய்வுபெற்றோர் தேர்ந்தெடுக்கும் ஒருவர், மேயர் நியமிக்கும் இருவர். கடன் பத்திரங்களிலும் நிறுவனப் பங்குகளிலும் பணத்தை இட்டனர். சிறிய நிதிகள் பங்குகளில் இடக்கூடிய அளவைச் சட்டம் இறுக்கிக் கட்டியிருந்தது. பாதுகாப்பு மிகுந்தது, ஆயின் வருவாய் குன்றிற்று. ஆலோசகருக்கும் கணக்காய்வாளருக்கும் ஒவ்வொரு நிதியும் தனித்தனியே கூலி கொடுத்தது வேறு. ஓய்வூதியத் தொகையோ சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது. குறைவு வந்தால் ஊரார் சொத்துவரி கட்டி நிரப்ப வேண்டும். ஆக, அங்கே இடையர் ஊராரே. 2019ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, முதலீட்டை மட்டும் போலீசாருக்கு ஒன்று, தீயணைப்போர்க்கு ஒன்று என இரு பெருநிதிகளாக இணைத்தனர். சில ஊர் நிதிகள் வழக்காடின. 2024இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்திற்று.

நம் மாநிலத்தில் போலீசும் தீயணைப்பும் நகராட்சியைச் சேர்ந்தவை அல்ல. மாநில அரசின் துறைகள். பழைய முறையில் ஓய்வூதியம் நேரே கருவூலத்திலிருந்து வந்தது. தனியே முதல் இட்டுப் பெருக்கும் வேலை இல்லை. 2003 ஏப்ரல் முதல் நாளிலிருந்து புதிதாகப் பணியில் சேர்ந்தோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. 2004 ஜனவரி முதல் நாளிலிருந்து, முப்படையினர் நீங்கலாக, மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர்க்கும் சந்தை வருவாயைப் பொறுத்த திட்டம் வந்தது. அதாவது மந்தையில் நோய் வந்தால் குறைவது உழக்கு நெய் என்றாயிற்று. ஊழியர் சங்கங்கள் இதனை எதிர்த்ததில் வியப்பில்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு, இருபத்தைந்தாண்டு பணி செய்தோர்க்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதியை உறுதி செய்யும் மாற்றுத் திட்டத்தையும் நடைமுறைப்படுத்திற்று.

பணத்தை எங்கே இடுவது என்று பேசுவோர் பலர். பணத்தை ஆள்வோரை எப்படிக் கட்டுவது என்று பேசுவோர் சிலர். பின்னதே கடினமானது என்பது என் கருத்து. மதுராந்தகத்துக்கு வடமேற்கே உள்ள உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலையைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். தேர்வு முறையைவிட விலக்கு விதிகளையே நான் பெரிதும் மதிக்கிறேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மீண்டும் இடமில்லை. அவனுடைய நெருங்கிய உறவினர்க்கும் இல்லை. பதவிக்காலம் 360 நாள். மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவர் மறுபடியும் வரலாகாது.

அவ்வூரிலே பொன்னின் மாற்றுக் காண்பாருக்கும் விதி வகுத்தனர். உரைகல்லில் படியும் பொன்துகளை மெழுகால் ஒற்றி எடுப்பது வழக்கம். அத்துகள் மாற்றுக் காண்பாரின் மடியில் போய்ச் சேரலாகாது. மெழுகை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வைத்தனர்.