லூவேன் தந்த பட்டமும் வாழ்வும்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, "எதைப் படித்தால் உடனே வேலை கிடைக்கும்?" என்பதே. கடன் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் அவ்வாறு கேட்பதில் தவறில்லை. ஆனால் வினா அத்துடன் முடிந்துவிடலாமா? ஆறு நூற்றாண்டுகளாக இவ்வினாவைச் சந்தித்து வரும் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது நமக்குப் பயன்தரும். பெல்ஜியம் நாட்டின் லூவேன் பல்கலைக்கழகமே அது.

நெசவுத் தொழிலால் செழித்திருந்த லூவேன் நகரம், அத்தொழில் நலிவுற்றபோது வேறு வாழ்வழி தேடியது. நகரத்தாரும் பிரபாந்துக் கோமகன் நான்காம் ஜானும் வேண்டியதற்கிணங்க, 1425 டிசம்பர் 9ஆம் நாள் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அங்குப் பல்கலைக்கழகம் நிறுவ ஆணை வழங்கினார். துணி வணிகம் நடந்த பெருங்கூடமே பின்னர் கல்விக்கூடமாயிற்று.

கலைப்பிரிவு மாணவர்கள் 'பன்றி', 'லீலி', 'வல்லூறு', 'கோட்டை' என்னும் பெயர் கொண்ட நான்கு இல்லங்களில் பயின்றனர். இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவரை அவருடைய ஊரார் விழா எடுத்து வரவேற்றனர். திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் 1483இல், கலைப்பிரிவுப் பட்டதாரிகளைத் திருச்சபையின் மானியப் பதவிகளுக்கு முன்மொழியும் உரிமையை இப்பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். ஆகவே, பட்டம் பிழைப்புக்கு வழி என்பது இக்காலத்தில் தோன்றிய எண்ணமன்று.

'பன்றி' இல்லத்தில் பயின்றவர்களுள் ஒருவர் உட்ரெக்ட் நகரத்துத் தச்சரின் மகன் ஏட்ரியன். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், லூவேனில் இறையியல் பேராசிரியராக உயர்ந்து, 1522இல் திருத்தந்தை ஆறாம் ஏட்ரியன் ஆனார். மறு ஆண்டே இறந்தார். ஆயினும் ஏழை மாணவர்க்கென லூவேனில் ஒரு கல்லூரி அமைய விருப்ப ஆவணம் எழுதி வைத்தே மறைந்தார். ஏறிய ஏணியை எட்டி உதைக்காத பட்டதாரி அவர்.

பல்கலைக்கழகம் பட்ட துன்பங்களும் பல. 1797இல் பிரெஞ்சு ஆட்சி அதை மூடியது. 1834இல் பெல்ஜிய ஆயர்கள் மீண்டும் எழுப்பினர். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படையினர் வைத்த தீயில் பழைய நூலகம் சாம்பலாயிற்று. பல நாட்டு மக்களின் கொடையால் எழுந்து 1928இல் திறக்கப்பட்ட புதிய நூலகமும் 1940 மே மாதத்தில் எரிந்தது. பகைவரின் தீயைத் தாங்கிய நிறுவனத்தை மொழிப்பூசல் பிளந்தது. 1968இல் அது டச்சு, பிரெஞ்சு என இரண்டாகப் பிரிய நேர்ந்தது. நூல்கள்கூட அடுக்கு எண் ஒற்றையா, இரட்டையா என்று பார்த்துப் பங்கிடப்பட்டன. ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்ந்தவர்களே இப்படிப் பிரிந்தனர் என்பது நாமும் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று.

அப்பல்கலைக்கழகத்தின் மெய்யான செல்வம் மாணவர்களே. 1911இல் பதினேழு வயதில் பொறியியல் பயில வந்தார் ஜார்ஜ் லெமேத்ர். போர் மூண்டதால் படைவீரரானார். திரும்பியபின் பொறியியலை விட்டுக் கணிதமும் இயற்பியலும் கற்றார், 1923இல் குருவானார். லூவேனிலேயே பேராசிரியராகி, அண்டம் விரிகின்றது என்பதை 1927இல் கணித்துக் காட்டினார். இன்று 'பெருவெடிப்பு' எனப்படும் கொள்கைக்கு வித்திட்டவர் அவரே.

அவரைப் போலவே பொறியியல் பயில வந்த இன்னொருவர் காமில் புல்கே. 1930இல் இயேசு சபையில் சேர்ந்து, பின்னர் இந்தியா வந்தார். இந்தி மொழியைக் கற்று, இராமகதையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து, அலகாபாத் பல்கலைக்கழகத்துக்கு இந்தியிலேயே ஆய்வேடு எழுதினார். ராஞ்சியில் பணிபுரிந்து, ஆங்கில–இந்தி அகராதி ஒன்றையும் தொகுத்தார். 1974இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

இருவருமே பொறியாளராகப் பணியாற்றவில்லை. அவர்கள் கற்ற பொறியியல் வீணாயிற்று என்று நாம் சொல்வோமா?

இன்றும் லூவேனில் வேலைக்கு வழிகாட்டும் கல்விக்குக் குறைவில்லை. 1984இல் அங்குத் தொடங்கிய நுண்மின்னணு ஆய்வு மையம் உலகப்புகழ் பெற்றது. ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகளை நாடி நம் நாட்டு மாணவரும் அங்குச் செல்கின்றனர். அறுநூறாம் ஆண்டையொட்டி, 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்குச் சென்றார்.

எனவே, நம் பிள்ளைகளுக்கு எந்த வேலை கிடைக்கும் என்று தாராளமாகக் கேட்போம். அதனோடு, அக்கல்வி அவர்களை எத்தகைய மனிதராக்கும், அவர்களால் யார் வாழ்வு பெறுவர் என்றும் கேட்போம். தச்சரின் மகன் தம் விருப்ப ஆவணத்தில் எழுதிய விடை நம் இல்லங்களிலும் எழுதப்படட்டும்.