தப்பும் தவிலும் சப்வூஃபரும்: ஒரு மாத்தளைக் குறிப்பு

ஹோம் தியேட்டர் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சப்வூஃபர் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்? எத்தனை வாட்ஸ் இருக்க வேண்டும்? இரண்டும் தேவையான கேள்விகளே. ஆயினும் அவற்றுக்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பெட்டியில் எதைக் கேட்கப் போகிறீர்கள்?

ஒலியின் அடிப்பகுதியை, அதாவது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் தொடக்கம் 80 அல்லது 120 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வை மட்டும் எழுப்புவதற்கென்றே செய்யப்பட்ட ஒலிபெருக்கிதான் சப்வூஃபர். நம்மவர்கள் இதனை அமெரிக்கப் படங்களோடு வந்திறங்கிய ஆடம்பரப் பொருளாகவே பார்க்கின்றனர். ஆனால் அடிநாதம் நமக்குப் புதியதல்ல. குறிப்பாக இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் அதற்கென்று ஒரு சரித்திரமே இருக்கிறது. கடையில் பெட்டியைத் தெரிவு செய்யும்போது அந்தச் சரித்திரம் பயன்படும் என்பது எனது கருத்து.

மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே அலுவிகாரை என்னும் குகைக் கோயில் உள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்ற மன்னனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் இங்கேதான் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்டது என்று பௌத்த மரபு கூறுகிறது. போரும் பஞ்சமும் சூழ்ந்த நாட்களில், ஓதுவோர் மாண்டுபோனால் ஓதப்படுவதும் மாண்டுபோகும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஒலியைக் காப்பாற்றி வைக்க மனிதர் எடுத்த பெருமுயற்சிகளுள் ஒன்று நடந்த இடம் மாத்தளை என்பது இதனால் விளங்கும்.

ஆனால் ஓலையில் ஏறியது சொல் மட்டுமே. முழவின் அதிர்வை எந்த ஓலையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது அடிப்பவரின் கையிலும் கேட்பவரின் நெஞ்சிலும் மாத்திரமே வாழ்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாறான அதிர்வொன்று இந்த மாவட்டத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தது. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1914ஆம் ஆண்டில்தான். அதற்கு வெகு முன்னரே அந்த வடபாதையில் நோயாலும் பசியாலும் மாண்டோர் ஏராளம். தப்பிப் பிழைத்து மாத்தளையைச் சேர்ந்தவர்களோடு தப்பும் வந்து சேர்ந்தது.

தப்பு என்பது தமிழகத்தார் பறை என்று அழைக்கும் அதே கருவிதான். வட்டமான மரச் சட்டம், அதன் ஒரு புறத்தில் இழுத்துக் கட்டிய தோல், அடிப்பதற்கு இரு குச்சிகள். தீயில் வாட்டிச் சூடேற்றினால் தோல் விறைக்கும். விறைத்த தோலில் ஓர் அடி விழுந்தால் அது ‘சட்’டென எழுந்து ‘சட்’டென அடங்கும்.

தோட்டங்களில் இந்தக் கருவிக்கு இரண்டு முகங்கள் இருந்தன. விடியும் முன்னர் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது அது. அவ்வேளையில் தப்பின் ஓசை துரையின் கட்டளையாக ஒலித்தது. தொழிலாளி கண்விழிக்கும் முன்னரே உடல் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அதே தப்பு மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு அடிக்கப்பட்டது. சாமி அழைப்பதற்கும், சாவுக்கும், கல்யாணத்துக்கும் தனித்தனி அடிகள் இருந்தன. எந்த லயத்தில் என்ன நேர்ந்தது என்பதை மலைக்கு அப்பால் இருந்தவர்கள் அடியைக் கேட்டே அறிந்துகொண்டனர். அவ்வேளையில் அது மக்களின் சொந்த மொழியாக இருந்தது. தமிழில் ‘பறை’ என்ற சொல்லுக்குக் கருவி என்றும், சொல்லுதல் என்றும் இரு பொருள் இருப்பது தற்செயலானது அல்ல.

இந்த மொழியைப் பேசியவர்களுக்கு மட்டும் மரியாதை கிடைக்கவில்லை. தப்படிப்பது இழிதொழில் என்ற சாதிப் பார்வை கடல் கடந்து அவர்களோடு வந்தது. கண்டிச் சீமையின் சிங்கள மக்களிடத்திலும் பெர அடிப்போர் ஒரு தனிச் சாதியாகவே ஒதுக்கப்பட்டிருந்தனர். அவர்களின் ‘தவுல’வும் நமது தவிலும், அவர்களின் ‘தம்மெட்டம’வும் நமது தம்பட்டமும் பெயரிலேயே உறவு காட்டுகின்றன. முழவு இல்லாமல் இரு சாராரின் தெய்வங்களும் வீதியுலா வருவதில்லை. ஆயினும் முழவடித்தவரை இரு சாராரும் எட்டவே நிறுத்தினர்.

பின்னர் இயந்திரங்களின் காலம் வந்தது. அவையும் இந்த ஒலியை எட்டவே நிறுத்தின என்பதுதான் வேடிக்கை. ஆரம்பகாலக் கிராமபோன் ஒலிப்பதிவில் ஒரு பெரிய கூம்பின் முன்னே நின்று பாட வேண்டும். அந்தக் கூம்பு அடிநாதத்தைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. முழவை ஓங்கி அடித்தால் ஊசி தடம் மாறிவிடும் என்று அஞ்சி, முழவடிப்போரைத் தூரத்தில் நிறுத்தினார்கள். 1925இல் மைக்குடன் கூடிய மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகு நிலைமை மேம்பட்டது. எனினும் இசைத்தட்டின் பள்ளம் அகன்றுவிடாதிருக்க அடிநாதத்தைக் குறைத்தே வெட்டினர். இயக்கும்போது அதனை மீண்டும் கூட்டிக்கொள்வதற்கான பொது அளவு 1950களின் நடுப்பகுதியில்தான் நிலைபெற்றது.

வானொலியும் அப்படித்தான். இலங்கையில் 1925ஆம் ஆண்டிலேயே ஒலிபரப்பு தொடங்கியது. 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. அதன் தமிழ் நிகழ்ச்சிகளைக் கடல் கடந்து தமிழகமே கேட்டு மகிழ்ந்தது. ஆனால் சிற்றலையில் ஏறி, சில அங்குல ஒலிபெருக்கியில் இறங்கிய அந்த ஒலியில் அடிநாதம் அநேகமாக இல்லை. கச்சேரியில் தவிலின் வலந்தலை கேட்கும், தொப்பி மங்கிவிடும். மேலேயுள்ள சுருதிகளைக் கொண்டு, இல்லாத அடிச் சுருதியை மனித மூளை தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். நமது தாத்தாக்கள் வானொலியில் கேட்ட தவிலில் பாதி அவர்களின் நினைவிலிருந்து வந்தது எனலாம்.

அடிநாதத்துக்கு இயந்திர உலகில் சிம்மாசனம் கொடுத்தது சினிமா. 1974இல் வெளிவந்த ‘எர்த்குவேக்’ படத்துக்காகத் திரையரங்குகளில் பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கி, ‘சென்சரவுண்ட்’ என்ற பெயரில் இருக்கைகளையே அதிர வைத்தார்கள். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் 70 மி.மீ. பிரதிகளில் அடிநாதத்துக்கெனத் தனித்தடம் ஒதுக்கப்பட்டது. 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துடன் டால்பி டிஜிட்டல் வந்தது. ‘5.1’ என்று எழுதுகிறோமே, அதிலுள்ள அந்தப் புள்ளி ஒன்று, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட விசேட ஓசைகளுக்கான தனித்தடத்தையே குறிக்கும். தமிழில் 1995இல் வந்த ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் வெளியாகிப் பேசப்பட்டது. 1997ஐ அடுத்து டிவிடி பரவியதும் இந்த ஒலியமைப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது யாதெனில், இந்த முழுப் பயணத்திலும் அடிநாதம் நிலநடுக்கத்துக்கும் குண்டுவெடிப்புக்குமே பயன்பட்டது. எனவே கடைக்காரரும் வெடிச் சத்தத்தைப் போட்டுக் காட்டியே பெட்டியை விற்கிறார். வெடிச் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? அது நீண்டு உருண்டாலும் அழகாகவே தோன்றும். பெட்டியின் குறையை மறைப்பதற்கு வெடியைப் போல் வசதியான ஓசை வேறில்லை.

தப்பும் தவிலும் அப்படியல்ல. அவை பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸ் ஆழம் வரை இறங்குவதில்லை. அவற்றுக்குத் தேவை ஆழத்தைவிடத் துல்லியம். அடி விழுந்த கணத்தில் ஒலி எழ வேண்டும். அடுத்த அடிக்கு முன்னர் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் நடை குழம்பி, கல்யாண அடியும் சாவடியும் ஒன்றாகிவிடும்.

இந்த அடங்குதலைப் பற்றிய அறிவியல் நன்கு வளர்ந்துள்ளது. 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் காற்றுப் புகாமல் மூடிய பெட்டியில், உள்ளே அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தும் ஒலிபெருக்கியை உருவாக்கினார். 1961இல் அவுஸ்திரேலியரான நெவில் தீல், துளையுள்ள பெட்டிகளைக் கணக்கிட்டு வடிவமைக்கும் வழியை வெளியிட்டார். 1970களில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதனை விரிவாக்கினார். இன்றும் ஒலிபெருக்கிகளின் குணங்கள் ‘தீல்-ஸ்மால்’ அளவுகளாலேயே குறிக்கப்படுகின்றன. சிறிய பெட்டி, ஆழ்ந்த நாதம், குறைந்த மின்சாரத்தில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம், மூன்றாவதை இழந்தே ஆக வேண்டும் என்பது இத்துறையில் ஹொஃப்மன் விதி எனப்படும்.

மூடிய பெட்டியில் ஒலி மெல்ல மெல்லக் கீழிறங்கிக் குறையும்; அடி விரைவில் அடங்கும். துளையுள்ள பெட்டி அதே மின்சாரத்தில் கூடுதலாக முழங்கும். ஆனால் துளை எந்தச் சுருதிக்கு அமைக்கப்பட்டதோ அதன் அருகில் சற்று இழுபடும். மலிவான துளைப் பெட்டிகளில் எந்த முழவும் ஒரே ‘பூம்’ என ஒலிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இனி அறைக்கு வருவோம். பெட்டியைவிட முக்கியமானது அறை. மலையகத்தின் பழைய லயக் காம்பிராவின் அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று பொதுவாகச் சொல்லப்படும். லண்டனிலோ டொரொன்டோவிலோ பலரது சிறிய அறையும் ஏறத்தாழ இதே அளவுதான். இத்தகைய அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்புவதால் சுமார் 47, 56 ஹெர்ட்ஸ் அளவுகளில் முழக்கம் தானாகவே பெருகும். நீங்கள் எத்தனை விலையுயர்ந்த பெட்டியை வைத்தாலும் அறை தனது சொந்தச் சுருதியைப் பாடியே தீரும். மூலையில் வைத்தால் இன்னும் ஓங்கிப் பாடும். ஆகவே பெட்டியை நீங்கள் அமரும் இடத்தில் வைத்து ஒலிக்கவிட்டு, அறையின் ஓரங்களில் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை மாற்றுங்கள். செலவில்லாத இந்த வைத்தியத்துக்கு ஈடாக எதுவுமில்லை.

அங்குலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரே உரப்பில் 40 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு மேல், 20 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 78 டெசிபெல் தேவை. கடைசிச் சில ஹெர்ட்ஸுக்காகக் கொட்டும் பணம் இப்படித்தான் கரைகிறது. சிறிய அறைக்கு எட்டு அல்லது பத்து அங்குல மூடிய பெட்டி, மற்ற ஒலிபெருக்கிகளுடன் 80 ஹெர்ட்ஸ் அளவில் இணைக்கப்பட்டால் போதும் என்பதே நான் சொல்லக்கூடியது. விசாலமான கூடமும், எட்ட இருக்கும் அயலாரும், படங்களில் பெருவிருப்பமும் உள்ளவர்கள் பன்னிரண்டு அங்குலத் துளைப் பெட்டியை நாடலாம்.

அயலாரைக் குறிப்பிட்டது வெறும் உபசாரத்துக்காக அல்ல. உயர்ந்த சுருதியைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த சுருதி சுவரைக் கடந்து போகும். லயங்களில் இரு குடும்பங்களுக்கு இடையே ஒற்றைச் சுவர். மேலே பெரும்பாலும் தகரம். ஒரு காம்பிராவில் சப்வூஃபர் முழங்கினால் வரிசை முழுவதும் அதிரும். விடியற்காலையில் எழுந்து கொழுந்து பறிக்கப் போக வேண்டிய பெண்ணின் தூக்கத்தை அது பறிக்கும். பிரட்டுத் தப்பின் கட்டளை போயிற்று என்று எண்ணிய இடத்தில், அடுத்த வீட்டுப் பெட்டி புதிய துரையாக வந்து அமர்ந்துகொள்வதை நாம் அனுமதிக்கலாகாது.

ஆதலால் கடைக்குப் போகும்போது வெடிச் சத்தத்தை நம்பாதீர்கள். நல்ல தனி ஆவர்த்தனம் ஒன்றையோ, நன்கு பதிவான பறையிசையையோ கையோடு கொண்டுசென்று ஒலிக்கவிடுங்கள். தவிலின் தொப்பியும் வலந்தலையும் பிரிந்து கேட்கின்றனவா? குச்சி தோலில் படும் ஓசையும் தோலின் நாதமும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றனவா? இரு அடிகளுக்கு நடுவே மௌனம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தப் பெட்டி வெடிச் சத்தத்தையும் ஒழுங்காகவே தரும்.

இன்று திருவிழாக்களில் பெரும் ஒலிபெருக்கிகள் வாகனமேறி வரும்போது, அருகில் நடக்கும் தப்பின் ஓசை அமுங்கிப் போகிறது. சாதி இழிவுக்கு அஞ்சித் தப்பைக் கைவிட்டோரின் பிள்ளைகளுக்கு அந்த அடிகளின் பெயர்கூடத் தெரியாமல் போகலாம். அலுவிகாரையில் சொல்லுக்கு நேரவிருந்த ஆபத்து இப்போது அதிர்வுக்கு நேர்ந்திருக்கிறது. அன்று சொல்லைக் காக்க ஓலை இருந்தது. இன்று அதிர்வைக் காக்க ஒலிப்பதிவுக் கருவி எவர் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. அதனைத் திரும்ப எழுப்பிக் காட்டும் பெட்டியும் நமது வீட்டில் இருக்கிறது. மலையகத்தில் தப்படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரை அறிந்தவர்கள், அவரிடம் முறைப்படி அனுமதி கேட்டு, ஒவ்வொரு அடியையும் அதன் பெயரோடு பதிவு செய்து வையுங்கள். சப்வூஃபர் வாங்கும் காசில் ஒரு சிறு பங்கை அவருக்கும் கொடுங்கள்.