பாதரசம் சொன்ன பதில்

"இயற்கைக்கு வெற்றிடம் என்றாலே வெறுப்பு!" அரிசுடாட்டில் வழிவந்தோர் ஐரோப்பாவிலே நூற்றாண்டுக் கணக்கில் ஓதிவந்த பாடம் இது. எவ்வளவு வெறுப்பு என்று அளந்து பார்ப்போம் எனத் துணிந்தோர் அரியர்.

இத்தாலி நாட்டு டாரிசெல்லி துணிந்தார். 1640களில் அவர் வகுத்த முறைப்படி, ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பிப் பாதரசத் தொட்டியிலே கவிழ்த்தனர். பாதரசம் இறங்கிற்று, ஏறத்தாழ 76 செண்டிமீட்டர் உயரத்தில் நின்றது. மேலே வெற்றிடம்! பாதரசத்தைத் தாங்கி நிற்பது வெறுப்பன்று, வெளிக்காற்றின் அழுத்தமே என்றார் அவர். 1648-இல் பிரான்சு நாட்டுப் பாசுகலின் மைத்துனர், புய் டி டோம் மலைமீது குழாயுடன் ஏறினார். உச்சியிலே பாதரசம் தாழ்ந்தது. அடிவாரத்தில் அதிக வெறுப்பு, உச்சியில் குறைந்த வெறுப்பு என இயற்கை பேதம் பாராட்டுமோ?

அழுத்தத்தை அளக்க வழி பிறந்தது. வெப்பம் ஏறினால் அழுத்தம் என்னாகும்? விடை தேடியவர் பாரிசு நகரத்து அமோந்தோன். 1663-இல் பிறந்தவர், இளமையிலேயே செவிப்புலன் இழந்தவர். ஊரார் பேச்சு அவர் காதில் விழவில்லை. கருவியின் பேச்சைக் கண்ணால் கேட்டார்!

கண்ணாடிக் குமிழிலே காற்றை அடைத்தார். அதனோடு இணைந்த வளைகுழாயில் பாதரசம் ஊற்றினார். குமிழைக் கொதிநீரில் வைத்தார். காற்று விரிய முயன்றது. விரியவிடாது தடுக்க எத்துணைப் பாதரசம் வேண்டுமோ, அதன் உயரமே அழுத்தத்தின் அளவு. சாதாரணக் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்கு வந்ததும், அழுத்தம் மூன்றில் ஒரு பங்களவு உயரக் கண்டார். அடைத்த காற்று சிறிதாயினும் பெரிதாயினும் விகிதம் ஒன்றே! 1702-இல் இதனை அறிவித்தார்.

சூடேற அழுத்தம் ஏறும் எனில், குளிரக் குளிரக் குறையுமன்றோ? குறைந்து குறைந்து ஒன்றுமில்லாது போகும் எல்லை ஒன்று இருத்தல் வேண்டும்! அவர் தந்த எண்களைக் கொண்டு இன்று கணக்கிட்டால், அந்த எல்லை ஏறத்தாழ −240 பாகை செல்சியசு. 1848-இல் கெல்வின், தனி வெப்ப அளவை ஒன்றை முன்வைத்தார். இன்று நாம் அறிந்த எல்லை −273.15 பாகை.

அமோந்தோன் கணக்கில் பிழை இருந்தது, மறைப்பானேன்? பின்வந்தோர் திருத்தினர், திருத்தியதால் அவர் புகழ் குன்றவில்லை. அறிவியலின் ஆற்றலே அதுதான். திருத்தக் கூடாது என்று தடுக்கும் வாக்கு தேங்கி நாறும். திருத்த இடந்தரும் வாக்கே வளரும்.

யார் சொன்னார் என்று கேட்டுத் தலையசைப்பதா? எப்படிக் கண்டார் என்று கேட்டு அளந்து பார்ப்பதா? தோழர்களே, நாம் தேர்ந்துகொள்ள வேண்டியது இரண்டாவது வழியையே!