ஒரு குழந்தை, ஐந்து நிபுணர், இரண்டு ரயில்

நடக்கத் தாமதமாகும் குழந்தைக்குப் பேச்சும் தாமதமாகலாம். ஒருவர் காலைப் பார்ப்பார், இன்னொருவர் நாக்கைப் பார்ப்பார். முழுக் குழந்தையையும் பார்ப்பது யார்?

சென்னை தி.நகரில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் இதற்கு ஒரு வழி காட்டியது. அங்கே பின்பற்றிய 'உபநயன்' திட்டத்தில், இரண்டு வயது வரையான குழந்தைக்கு 250 திறன்கள். உடலசைவு, தன் வேலையைத் தானே செய்வது, மொழி, அறிதல், பழகுதல் என ஐந்து பகுதி, பகுதிக்கு 50. திறன்களைப் பழக்கத் தனித்தனி அட்டைகள். நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பட்டியலைவிடப் பெரிதாகப் படுவது, அம்மாவையும் கூடவே உட்காரவைத்துப் பழக்கியதுதான். பல நிபுணர்களின் அறிவு அப்படித்தான் வீடு வரை போனது.

2013இல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் வந்தது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போகும். குறை தென்பட்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்பும். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் கூரை எங்கே இருக்கு? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவரின் மாவட்டத் தலைநகர் திருவள்ளூர். கும்மிடிப்பூண்டி கூடூர் தடத்தில், திருவள்ளூர் அரக்கோணம் தடத்தில். ரயிலில் போனால் சென்னைக்கு வந்து வண்டி மாறணும். அரை மணி நேரப் பயிற்சிக்கு ஒரு நாள் கூலி போச்சு. அடுத்த வாரமும் அதே கதை என்றால் எத்தனை வாரம் வருவார்கள்?

நிபுணர்கள் ஒன்றுசேர்ந்தது பாதி வேலை. மீதிப் பாதி, அந்த அட்டை கும்மிடிப்பூண்டி வீட்டுக்கே போய்ச் சேர்வது.