நடிகரின் வாழ்வும் பாத்திரத்தின் உண்மையும்: ரிக்கி முதல் நிக் வரை

பதின்ம வயதினரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களில் தன்பால் ஈர்ப்புப் பாத்திரங்களை ஆராய்வோர் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள்: எத்தனை பாத்திரங்கள், எத்தனை முத்தங்கள், நடித்தவர் யார்? கடைசிக் கேள்வி முதலிரண்டைப் போன்றதன்று. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் உயிருள்ள ஓர் இளைஞர். அவருடைய வாழ்வு பாத்திரத்துக்கு வலுச் சேர்க்கலாம். ஆனால் அதை அவராகத் தர வேண்டும், பார்வையாளர் கேட்டு வாங்க முடியாது என்பதே என் வாதம்.

1994 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசையில் தொடங்கிய ‘மை சோ-கால்டு லைஃப்’ 19 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. அதில் ரிக்கி வாஸ்குவெஸாக நடித்தவர் வில்சன் குரூஸ். பியூர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரான இவர், தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டே அத்தகைய பாத்திரத்தைத் தொடர் முழுவதும் ஏற்று, அமெரிக்கத் தொலைக்காட்சியில் முன்னோடியானார். 19 வயதில் வீட்டில் உண்மையைச் சொன்னபோது தந்தை அவரை வெளியேற்றினார். சில மாதங்கள் காரிலும் நண்பர்கள் வீட்டிலும் காலம் தள்ளினார். தந்தையோடு இணக்கமானது பின்னால்தான்.

ரிக்கிக்கும் வீடு பறிபோகிறது. கிறிஸ்துமஸ் பகுதியில், அடிபட்ட முகத்தோடு, போக்கிடமற்ற பிள்ளைகள் ஒண்டியிருக்கும் பாழடைந்த கட்டடத்தில் படுக்கிறான். குரூஸ் அங்கே தம் துயரத்தைக் கொட்டி இரக்கம் தேடவில்லை; உதவி கேட்கக் கூசும் பிள்ளையின் தயக்கத்தையே நடித்தார். கண்ணுக்கு மை தீட்டி, மாணவியர் கழிப்பறையில் தோழிகளோடு அரட்டையடிக்கும் ரிக்கி, தன்னைக் குறித்த அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வது கடைசிப் பகுதியில்தான், டீலியா என்ற பெண்ணிடம். அந்தத் தாமதத்துக்கு இடம் கொடுத்ததுதான் வின்னி ஹோல்ஸ்மன் உருவாக்கிய அத்தொடரின் பெருந்தன்மை என்பேன்.

ஆனால் பாத்திரத்தின் உண்மை நடிகரிடமிருந்து மட்டுமே வருவதில்லை. 2000 மே மாதம் ‘டாசன்ஸ் கிரீக்’ தொடரில் ஜாக் மற்றோர் இளைஞனை முத்தமிட்ட காட்சிக்காக விடாப்பிடியாக நின்றவர், தன்பாலீர்ப்பாளரான எழுத்தாளர் கிரெக் பெர்லான்டி. வேலையையே விடவும் துணிந்தார். ஜாக்காக நடித்த கெர் ஸ்மித் தன்பாலீர்ப்பாளர் அல்லர். அதனால் காட்சியின் கனம் குறைந்துவிடவில்லை.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 சான்று. ஆலிஸ் ஓஸ்மன் வரைகதைகளிலிருந்து உருவான பிரிட்டிஷ் தொடர் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ரக்பி ஆடும் நிக் நெல்சன், இரவில் தனியே மடிக்கணினி முன் அமர்ந்து, தான் தன்பாலீர்ப்பாளனா என்று இணையத்தில் கேட்டுக் கலங்குகிறான். யாரும் அவனை அவசரப்படுத்துவதில்லை. நிக்காக நடித்த கிட் கானருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஒரு பெண்ணோடு கைகோத்து நடந்த படம் பரவியதும், தன்பால் ஈர்ப்பைப் பாசாங்கு செய்து விளம்பரம் தேடுகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். அக்டோபர் 31 அன்று, 18 வயதில், தாம் இருபாலீர்ப்பாளர் என்று எழுதி, தம்மைச் சொல்ல வைத்தவர்கள் தொடரின் கருத்தையே தவறவிட்டார்கள் என்றும் குறிப்பிட்டார்.

குரூஸின் வெளிப்படைத்தன்மையும் கானரின் அறிவிப்பும் புள்ளிவிவர அட்டவணையில் ஒரே கட்டத்தில் ஏறும். முன்னது ஒருவர் தாமே எடுத்த முடிவு. பின்னது பிடுங்கி வாங்கப்பட்டது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத கணக்கெடுப்பைப் பிரதிநிதித்துவத்தின் வளர்ச்சிக்குச் சான்றாக ஏற்க இயலாது.